ராஜினாமா, கொறடா, கழகம், நோட்டா: இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அஸ்தம்பட்டியில் அறை எடுத்துத் தங்கி குரூப் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ராத்திரி டீக்கடையில் தட்டுவடை செட் சாப்பிட்டுக்கொண்டு நண்பர்களோடு டெல்லி அரசியல் பேசிக்கொண்டிருந்தாராம். ராஜினாமா, கொறடா, குதிரை பேரம், தர்ணா, ஒன்றியம், நோட்டா என்று சொற்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நடுவில் ஒருவர், "ஆமா, கொறடான்னா என்னடா அர்த்தம்?" என்று கேட்க, அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. "இவையெல்லாம் தமிழ்தானா? இல்லையென்றால் ஏன் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறோம்? நல்ல தமிழில் மாற்றிவிட்டால் என்ன?" இதுதான் அவருடைய கேள்வி.

நல்ல கேள்வி, தம்பி. நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாலுகா ஆபீஸ் பதிவறையில் பழைய கட்டுகளைப் பிரித்துப் பிரித்தே இந்தச் சொற்களின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் அரசியல் சொல் எந்த மொழியில் பிறந்தது என்று மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். அது எங்கெல்லாம் வேலை பார்த்துவிட்டு நம்மிடம் வந்தது என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால், டெல்லிச் சொல் என்று நீங்கள் நினைப்பதில் சிலவற்றின் கதை நம் சேலத்தைத் தொட்டுக்கொண்டு போவது தெரியும்.

ராஜினாமாவில் தொடங்குகிறேன். ராஜாவுக்கு எழுதும் கடிதம் என்று இதற்கு அர்த்தம் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். ராஜாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'ராஸி' என்பது அரபு வழியாக வந்த சொல். சம்மதம், மனம் ஒப்புதல் என்று பொருள். 'நாமா' பாரசீகம், எழுதிய பத்திரம். வக்கீலிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோமே வக்காலத்துநாமா, அதே நாமாதான். ஆக, ராஜினாமா என்றால் சம்மதப் பத்திரம். கோர்ட் வாசலில் இன்றைக்கும் "கேஸ் ராஜி ஆயிடுச்சு" என்று சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள். அந்த ராஜியும் இதுவேதான். இந்திக்காரர்களுக்கு ராஜீநாமா என்றால் இன்றும் சமரசப் பத்திரம்தான். பதவி விலகலை அவர்கள் 'இஸ்தீஃபா' அல்லது 'த்யாகபத்ர' என்பார்கள்.

அப்படியானால் நம் பக்கம் மட்டும் அது எப்படிப் பதவி விலகல் ஆனது? நிலத்தின் வழியாக வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலத்தையும் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டி வந்தது. அலெக்சாண்டர் ரீடு இங்கே முதல் கலெக்டராக வந்தார். அவருக்கு உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. நடுவில் ஜமீன்தார் இல்லாமல், நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவரிடமும் சர்க்கார் நேராகத் தீர்வை, அதாவது நிலவரி, பேசும் ரயத்துவாரி முறை இவர்கள் காலத்தில் இந்த மண்ணில்தான் உருவானது. பிற்பாடு மன்றோ சென்னை மாகாணத்துக்கே கவர்னர் ஆனபோது அந்த முறையும் மாகாணம் எங்கும் பரவியது.

இந்த முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. சர்க்காரோடு நேரடிக் கணக்கு வைத்திருக்கும் குடியானவர், "இந்த நிலம் இனி எனக்கு வேண்டாம், விட்டுவிடுகிறேன்" என்று எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால்தான் அடுத்த வருடத் தீர்வை அவர் தலையில் விழாது. ரயத்துவாரி நடந்த பம்பாய் மாகாணத்தில் அப்படி எழுதிக் கொடுக்கும் காகிதத்துக்கே ராஜினாமா என்று பெயர். நிலத்தை ஏற்றுக்கொள்வதாகக் கொடுக்கும் காகிதம் கபூலாயத்து. மனம் ஒப்பி நிலத்தை விட்டவரின் சொல், மனம் ஒப்பிப் பதவியை விடுபவருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மராத்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ் நான்கிலும் ராஜினாமா என்றால் பதவி விலகல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. 1974-ல் குஜராத்தில் ஊழலை எதிர்த்து மாணவர்கள் தொடங்கிய நவநிர்மாண் போராட்டம் நடந்தபோது, எம்.எல்.ஏ.க்களை மிரட்டியும் நெருக்கியும் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். அதுவரை கடிதம் கைமாறினாலே பதவி போய்விடும். அந்த வருடமே அரசியல் சட்டத்தில் 33-வது திருத்தம் வந்தது. ராஜினாமா தானாக முன்வந்து கொடுத்ததுதானா, உண்மையானதுதானா என்று சபாநாயகர் விசாரித்துப் பார்க்க வேண்டும். இல்லை என்று தோன்றினால் ஏற்கக் கூடாது. சம்மதம் இல்லாத ராஜினாமா செல்லாது என்று சட்டம் சொல்கிறது. சொல்லின் வேரிலும் சம்மதம்தான் இருக்கிறது. 'பதவி விலகல்' நல்ல தமிழ், நானும் எழுதுகிறேன். ஆனால் இந்தச் சம்மதம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. தேர்வில் 33-வது திருத்தம் பற்றிக் கேட்டால் இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

சரி, கொறடா. உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள்: கொறடா என்றால் சாட்டை. மராத்தியில் 'கோரடா' என்பார்கள், அங்கிருந்து வந்தது. நம் ஊர் வண்டிக்காரர் கையில் இருந்தது சாட்டை, சவுக்கு. தண்டனை கொடுக்கிறவன் கையில் இருந்தது கசை. இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் கட்சிக்காரர்களை ஓட்டெடுப்புக்குத் திரட்டி வருபவருக்கு 'விப்' என்று சாட்டையின் பெயர் வந்ததற்குக் காரணம் நரி வேட்டை. அங்கே வேட்டை நாய்கள் கூட்டத்தை விட்டு விலகிப் போகாமல் சாட்டையை வீசித் திருப்பிக் கொண்டு வர ஒரு ஆள் இருப்பார். அந்த ஆளின் பெயர்தான் கட்சி ஆளுக்கும் வந்தது. தமிழில் எழுதியவர்கள் அதைக் கொறடா என்று ஆக்கினார்கள். சாட்டை என்றே வைத்திருக்கலாமே என்று கேட்டால், வைத்திருக்கலாம்தான். ஆனால் 'அரசு தலைமைச் சாட்டை' என்று சொல்லிப் பாருங்கள். தெரிந்த பொருளின் பெயரை ஆளுக்கு வைத்தால் பொருள்தான் கண்முன் வந்து நிற்கும். தெரியாத சொல்லாக இருந்ததால்தான் கொறடா பதவியின் பெயராக நிலைத்தது என்று நினைக்கிறேன்.

கொறடா உத்தரவுக்கு இந்தியாவில் பல் முளைத்தது 1985-ல், 52-வது திருத்தத்தில். கட்சித் தாவல் தடைக்கான பத்தாவது அட்டவணை அப்போதுதான் சேர்ந்தது. கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் ஒதுங்கினாலோ பதவி போகும். பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் தப்பலாம். உத்தரவுக் காகிதத்தில் எத்தனை கோடு இழுத்திருக்கிறது என்பதை வைத்து அவசரத்தின் அளவு தெரியும். மூன்று கோடு என்றால் கட்டாயம் வந்து கட்சி சொன்னபடி ஓட்டுப் போட்டாக வேண்டும். ஒன்று மட்டும் பலரும் குழப்பிக்கொள்வார்கள்: ஜனாதிபதி தேர்தலில் கட்சிகள் இந்த உத்தரவைப் போட முடியாது.

இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது என்றால், 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. பதினைந்து நாளுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். 'வந்த ராமன், போன ராமன்' என்று வைத்துக்கொள்ளலாம்.

குதிரை பேரம் ஆங்கிலத்தில் இருந்து அப்படியே பெயர்த்த சொல். ஆனாலும் நம் வாயில் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டதே, ஏன்? ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் கூடும். சின்ன வயதில் அப்பா கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பேரம் நடக்கும் இடத்தில் சத்தமே இருக்காது. தரகரும் வாங்குபவரும் எதிரெதிரே நின்று கை கோப்பார்கள். மேலே ஒரு துண்டு. துண்டுக்குள்ளே விரல் பிடித்து விலை சொல்வார்கள். இரண்டு விரல், பிறகு மூன்று, ஒரு தலையாட்டல், கையை உதறல், மறுபடி கோத்தல். பக்கத்தில் நிற்கும் எனக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். பேசி முடித்த விலை மூன்றாம் ஆளுக்குக் கடைசி வரை தெரியாது. ஆட்சி கவிழும் நேரத்தில் எம்.எல்.ஏ.க்களை விடுதியில் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வரும். ஆங்கிலச் சொல்லைவிட நம் சந்தைப் பழக்கம்தான் அதற்குப் பொருத்தமான படம்.

தர்ணா பற்றி ஒரே ஒரு தகவல். அது அரசியல் போராட்டமாக மாறுவதற்கு முன் கடன் வசூலிக்கும் முறையாக இருந்தது. கடன் கொடுத்தவர் கடனாளியின் வாசலில் போய்ப் பட்டினி உட்காருவார். அவருக்கு ஏதாவது ஆனால் பாவம் வீட்டுக்காரருக்கு. 1860-ம் வருட இந்திய தண்டனைச் சட்டத்தின் 508-வது பிரிவில், தெய்வ கோபம் வரும் என்று பயமுறுத்துவதற்கு உதாரணமாக இந்தத் தர்ணாவையே எழுதி வைத்திருந்தார்கள். 2024 ஜூலையில் புதிய சட்டம் வரும் வரை அந்த வரி அங்கேயே இருந்தது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த சொல்: கழகம். நீங்கள் கேள்வியில் இதைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் இது தமிழ் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பயணம் செய்த சொல் என்றால் இதுதான். திருக்குறளில் சூது அதிகாரத்தில் கழகம் வருகிறது. அங்கே கழகம் என்றால் சூதாடும் இடம். கழகத்தில் போய்க் காலத்தைக் கழித்தால் பழைய செல்வமும் பண்பும் கெடும் என்கிறார் வள்ளுவர். கம்பரிடம் வரும்போது கலை பயிலும் இடமும் கழகம் ஆகிவிட்டது. கூடும் இடம் என்பது பொது. கூடி என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்து சொல்லின் மதிப்பு ஏறியும் இறங்கியும் இருக்கிறது. நம் ஊர்க் கலெக்டர் ஆபீஸ் பக்கம் 'நாட்டாண்மைக் கழகக் கட்டிடம்' என்று சொல்கிறோமே, அது பழைய ஜில்லா போர்டு. அங்கேயும் கழகம்.

1944 ஆகஸ்ட் 27-ம் தேதி சேலத்தில் நீதிக்கட்சி மாநாடு கூடியது. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்பதுதான் கட்சியின் முறையான பெயர். அதைத் திராவிடர் கழகம் என்று மாற்றும் தீர்மானத்தை அண்ணா கொண்டு வந்தார், பெரியார் தலைமையில் நிறைவேறியது. வெள்ளைக்கார சர்க்கார் கொடுத்த பட்டமும் பதவியும் கட்சிக்காரர்களுக்கு வேண்டாம் என்றதுதான் அன்றைய பெரிய செய்தி. எனக்குப் பெயரும் அதே அளவு பெரிய செய்தி. சங்கம் போய்க் கழகம் வந்தது. 1949-ல் தி.மு.க., 1972-ல் அ.தி.மு.க., அதற்குப் பிறகு பெயரில் கழகம் வைத்த கட்சிகள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நம் மாநிலத்தில் 'கழகம்' என்று தனியாகச் சொன்னாலே கட்சி என்று அர்த்தம் ஆகிவிட்டது. நாடாளுமன்றப் பதிவுகளில் ழகரத்தைக் காப்பாற்ற ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து செலவழிக்கிறார்கள். இந்திப் பத்திரிகைகள் 'கட்கம்' என்று எழுதித் தள்ளுகின்றன. சூதாடும் களத்தில் இருந்து டெல்லி அவைக்குறிப்பு வரை ஒரு சொல் போயிருக்கிறது. அது கட்சியின் பெயரானது நம் ஊரில்.

அடுத்து, 'நல்ல தமிழில் மாற்றினால் என்ன' என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. இதையும் சேலத்தில் முயன்று பார்த்திருக்கிறார்கள், தம்பி. ராஜாஜி இங்கே வக்கீலாக இருந்த காலம். 1917-ல் நகராட்சித் தலைவர் ஆனார். அதற்கு முந்தைய வருடம், 1916-ல், ரசாயனம், பௌதிகம், கணிதம், வானவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்காகவே ஒரு சங்கம் அமைத்தார். அதற்கு ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். அந்தக் காலத்து வழக்கில் இந்த மாதிரிச் சொற்களைப் 'பரிபாஷை' என்றார்கள். இன்றைக்குப் பரிபாஷை என்றால் உங்கள் அறையில் எத்தனை பேருக்குப் புரியும்? 'கலைச்சொல்' என்கிறோம். கலைச்சொல்லைக் குறிக்கும் சொல்லே நூறு வருடத்தில் ஆள் மாறிவிட்டது.

அதனால் மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. காரியதரிசி போய்ச் செயலாளர் வந்தார், அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார், அபேட்சகர் போய் வேட்பாளர் வந்தார். எல்லாம் நன்மைக்கே. கிராமத்துப் பெரியவருக்கு அபேட்சகரைவிட வேட்பாளர் சட்டென்று புரிகிறது. இப்படி மாறியவை எல்லாம் மேடையிலும் பத்திரிகையிலும் தினம் தினம் புழங்கியதால் மாறின. ராஜினாமாவும் ஜப்தியும் ஜாமீனும் ஆபீஸ் காகிதத்தில் இருப்பவை. மேடையில் பேசினால் மட்டும் அவை போகாது. படிவம் மாற வேண்டும், கோர்ட் மாற வேண்டும். அது மெதுவாகத்தான் நடக்கும்.

ஒன்றியத்தைப் பற்றியும் சண்டை வந்ததாக எழுதியிருந்தீர்கள். 2021-ல் தமிழ்நாட்டு அரசு 'மத்திய அரசு' என்பதை விட்டு 'ஒன்றிய அரசு' என்று எழுதத் தொடங்கியதும் அரசியல் சூடு பிடித்தது. இரண்டு பக்கமும் கையில் காகிதம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் முதல் பிரிவே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. 1897-ம் வருடப் பொதுச் சட்டக் கூறுகள் சட்டத்திலோ மத்திய அரசு என்ற பெயருக்கு விளக்கமே எழுதியிருக்கிறது. எனக்குக் கேட்டால் அரசியல் சட்டத்தின் சொல்லுக்குத்தான் முதல் மரியாதை. ஆனால் ஏற்காட்டிலும் வாழப்பாடியிலும் 'ஒன்றிய ஆபீஸ்' என்றால் பி.டி.ஓ. உட்கார்ந்திருக்கும் இடம். 1958-ம் வருடப் பஞ்சாயத்துச் சட்டத்தில் இருந்து வந்த ஊராட்சி ஒன்றியம் அது. இரண்டு தலைமுறையாக ஜனங்கள் வாயில் இருக்கிறது. 'ஒன்றிய அரசு பணம் தரவில்லை' என்று செய்தி வந்தபோது, "நம்ம ஒன்றியத்துலதான் எப்பவுமே பணம் இருக்காதே" என்று என் சித்தப்பா சொன்னார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒன்றியம் அதுதான்.

மலையில் 'நாடு' என்பதும் அப்படித்தான். கொல்லிமலைக்குப் போனால் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று பஞ்சாயத்துகளுக்கே பெயர். சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. நாடாளுமன்றம் என்று நாம் எழுதும் சொல்லில் உள்ள நாடு, அந்த மலைக்காரருக்கு ஒரு நாள் நடையில் சுற்றி வந்துவிடும் அளவு.

கடைசியாக நோட்டா. மற்ற சொற்களை ஆபீஸ் கட்டுகளில் படித்தேன். இது வந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். 2013 செப்டம்பர் 27-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்னாலும் யாருக்கும் ஓட்டில்லை என்று பதிவு செய்யலாம். தேர்தல் விதியின் எண்ணை வைத்து அதற்கு 49ஓ என்று பெயர். ஆனால் ஓட்டுச்சாவடி அலுவலரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சாவடியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ரகசியம் போகிறதே என்றுதான் நீதிமன்றம் இயந்திரத்தில் ஒரு பொத்தானே வைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் அந்தப் பொத்தான் முதன்முதலில் வந்தது ஏற்காடு இடைத்தேர்தலில், 2013 டிசம்பர் 4-ம் தேதி.

எனக்கு அன்று மலைமேல் தேர்தல் வேலை. முதல் நாளே இயந்திரங்களோடு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். காலையில் பனி விலகவில்லை. வாசலில் வரிசை நிற்பது போர்வையாகத்தான் தெரிந்தது. ஒரு வயதான அம்மா உள்ளே வந்து, மறைப்புக்குப் பின்னால் போய், வெகுநேரம் நின்றார். பிறகு தலையை மட்டும் நீட்டி, "எல்லாருக்கும் படம் இருக்குது, கடைசி ஆளுக்கு மட்டும் படம் இல்லையே சார், அவரு யாரு?" என்று கேட்டார். அவர் சொன்னது சரிதான். அந்தத் தேர்தலில் நோட்டாவுக்குச் சின்னமே கிடையாது. ஓட்டுச்சீட்டின் மேல் கறுப்பு குறுக்குக் கோடு போட்ட சின்னம் 2015-ல்தான் வந்தது. நாங்கள் எந்தப் பொத்தானையும் காட்டி எதுவும் சொல்லக் கூடாது. தலைமை அலுவலர், "அது ஆள் இல்லம்மா. மேலே இருக்கிற யாரும் வேண்டாம்னா அதை அமுக்கலாம்" என்று பொதுவாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்த அம்மா "அப்படியும் சொல்லலாமா?" என்றார். மறுபடி மறைப்புக்குள் போனார். பீப் சத்தம் கேட்டது. எதை அமுக்கினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அந்த நான்கு ஆங்கில எழுத்தை (None Of The Above) யாரும் விரித்துச் சொல்வதில்லை. 'எவருமில்லை' என்று அழகான தமிழ் இருந்தும் நோட்டாதான் நின்றது. இன்றைக்குத் தோற்ற கட்சியைப் பற்றிப் பேசும்போது 'டெபாசிட் போச்சு' என்பதைவிட 'நோட்டாவுக்குக் கீழே' என்பதுதான் அதிகம் காதில் விழுகிறது. தேர்வுக்காக இரண்டையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். மக்களவைக்கு 25,000 ரூபாய், சட்டமன்றத்துக்கு 10,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு அதில் பாதி. அந்த ஆறில் ஒரு பங்கைக் கணக்கிடும்போது நோட்டா ஓட்டுகளைச் சேர்க்க மாட்டார்கள். நோட்டாவே அதிக ஓட்டு வாங்கினாலும், அடுத்து வந்த வேட்பாளர்தான் வென்றவர்.